பஞ்சாங்கத்துள் இருந்த துண்டு

எம் பெரியையாவின் வீட்டிலே ஏதாவது கடதாசி காணாமற் போனால் அதனை முதலில் தேடும் இடம் பஞ்சாங்கம். மின்சாரக் கட்டணச் சீட்டு, கோயில் அருச்சனைத் துண்டு, கலியாண அழைப்பிதழ், மறதிக்கு அஞ்சிக் குறித்துவைத்த தொலைபேசி இலக்கம் ஆகிய யாவும் அதன் தாள்களுக்கிடையே அடைக்கலம் புகுந்திருக்கும். வருடம் பிறந்ததும் பழைய பஞ்சாங்கத்தை எறிந்துவிடும் வழக்கமும் அவரிடம் இல்லை. அவை அலுமாரியின் மேற்றட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும்.

2016 ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள், பழைய சய வருடப் பஞ்சாங்கத்தை நாம் எடுத்து உதறியபோது, நான்காக மடித்த சிறு கடதாசி ஒன்று நிலத்தில் விழுந்தது. அதிலே ஆங்கிலத்தில் மூன்று வரிகளும், கீழே ஒரு கையொப்பமும், மேலே 2014 மே மாதத்துத் திகதி ஒன்றும் இருந்தன. நோயாளிக்குப் பதினொரு ஆண்டுகளாக நீரிழிவு உண்டு; அவருடைய கண்ணின் உட்புறம் இதுவரை பார்க்கப்படவில்லை; தயவுசெய்து பார்க்கவும் என்பதே அதன் சாரம். கண் வைத்திய நிபுணருக்கென்று எழுதப்பட்ட அந்தத் துண்டு, இருபது மாதங்களாக இராகு காலத்துக்கும் குளிகை காலத்துக்கும் நடுவே உறங்கிக் கிடந்தது. அது எம் கைக்கு வந்த அன்று பெரியையாவின் வலக்கண் ஏறக்குறைய இருண்டுபோய்விட்டது.

நீரிழிவைப் பற்றி எழுதுவோர் இக்காலத்தில் பலர். பாகற்காயின் பெருமை, வெந்தயத்தின் மகிமை, குரக்கன் பிட்டின் நன்மை என்று வாரந்தோறும் ஏதாவது வந்துகொண்டேயிருக்கிறது. அவற்றை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும், ஒரு வைத்தியர் இன்னொரு வைத்தியருக்கு எழுதி நோயாளியின் கையிலே கொடுத்துவிடுகின்ற அந்தச் சிறு துண்டைப் பற்றி எவரும் எழுத நாம் கண்டதில்லை. ஒரு மனிதனின் கண் நிலைப்பதும் போவதும் சில வேளைகளில் அந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

பெரியையா 34 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவர். ஊர்க்கோயிலிலே கந்தபுராண படனம் தொடங்கினால் புத்தகம் அவர் முன்னே வைக்கப்படும். அவர் செய்யுளை இசையோடு வாசிக்க, அருகிலே அமர்ந்த ஒருவர் பயன் சொல்லுவார். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே இவ்வழக்கம் இன்றும் சில இடங்களில் நிலைத்திருப்பதை வாசகர்கள் அறிவர். பெரியையாவுக்கு அப்புராணத்திலே நூற்றுக்கணக்கான பாடல்கள் மனப்பாடம். எனினும் புத்தகத்தைப் பாராமல் ஒரு வரியும் சொல்லமாட்டார். "நினைவு பொய் சொல்லும், எழுத்துப் பொய் சொல்லாது" என்பது அவர் கட்சி. பழைய பதிப்பின் நெருக்கமான எழுத்தை எழுபது வயதிலும் தடங்கலின்றி வாசித்த கண்கள் அவை.

துண்டு உறங்கியதற்கு முதற் காரணமும் அதுவே. "கண் நல்லாய்த் தெரியுது. தெரியிற கண்ணைக் கொண்டுபோய் டொக்டருக்கு ஏன் காட்டுவான்?" என்றார் பெரியையா. இக்கேள்விக்கு அன்று எவரும் விடை சொல்லவில்லை. துண்டைக் கொடுத்த வைத்தியரும் சொல்லவில்லை. அவர்மேல் நாம் பழி சுமத்தவும் மாட்டோம். அன்று காலை அவருக்கு முன்னே வாங்கிலே காத்திருந்தோர் தொகையைப் பெரியம்மா இன்றும் கைவிரித்துக் காட்டுவார். ஆயினும், தமிழாசிரியராய் ஓய்வு பெற்ற ஒருவரிடம், அவரால் வாசித்தறிய முடியாத சுருக்கெழுத்தில் மூன்று வரியை நீட்டி, "கண் கிளினிக்குக்குப் போங்கோ" என்று மட்டும் சொன்னால், அவர் அதனைக் கண்ணாடி மாற்றுவதற்கான துண்டு என்று எண்ணியதில் வியப்பென்ன? 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்திய அமெரிக்கரான டாக்டர் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழிலே ஆக்குவித்தார். அவர் நடந்த மண்ணிலே, நோயாளியின் கையிற் போகும் கடிதத்திலே தமிழில் ஒரு வரியேனும் சேர்க்க முடியாதா என்று நாம் கேட்பது தவறாகாது.

இரண்டாவது காரணத்தை எழுதக் கை கூசுகிறது. கண் கிளினிக் நடைபெறுவது நகரத்திலே. காலை முதல் பஸ்ஸிற் போய் இலக்கம் எடுக்கவேண்டும். கண்ணிலே மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும், தனியே திரும்பி வரல் இயலாது. ஆகவே துணை ஒருவர் வேண்டும். "தம்பி, ஒரு நாளைக்குப் பெரியையாவைக் கூட்டிக்கொண்டு போவியே?" என்று பெரியம்மா எம்மிடம் கேட்டார். அடுத்த மாதம் என்றோம். அடுத்த மாதம் வந்தது. அலுவலகத்திலே கணக்காய்வு என்றோம். பின்னர் அவரும் கேட்கவில்லை, நாமும் மறந்தோம். இதுவே நடந்தது.

இனி, தெரிகின்ற கண்ணை ஏன் காட்டவேண்டும் என்ற கேள்விக்கு வருவோம்.

எம் ஊர்ச் செம்மண் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்று நீர் பெருவாய்க்காலால் ஓடி, சிறுவாய்க்கால்களிற் பிரிந்து, ஒவ்வொரு பாத்தியாகப் பாய்கிறது. கண்ணின் பின்புறத்தே கடதாசிபோல் மெல்லிதாக விரிந்திருக்கும் விழித்திரைக்குக் குருதி பாய்வதும் அவ்வாறே. ஆண்டுக்கணக்காகக் குருதியிலே சர்க்கரை மிகுந்திருந்தால் அந்தச் சிறுவாய்க்கால்களின் வரம்பு இளகுகிறது. முதலில் அங்குமிங்கும் கடுகளவிலும் சிறிய புடைப்புகள் தோன்றும். பின்னர் நீரும் கொழுப்பும் குருதியும் கசியும். விழித்திரையின் நடுவிலே மஞ்சட் பொட்டு என்று ஓரிடம் உண்டு. எழுத்து வாசிப்பதும் முகம் அறிவதும் அவ்விடத்தாலேதான். கசிவு அங்கே தேங்கினால் எழுத்து மங்கும். ஓரத்திலே கசிந்தாலோ நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. கண் நோவதில்லை, சிவப்பதில்லை, நீர் வடிவதில்லை.

அடுத்த கட்டம் இதனினும் வஞ்சகமானது. சில வாய்க்கால்கள் அடைபட்டுப் போகின்றன. நீர் பெறாத பாத்தி வாடுமல்லவா? விழித்திரை வாடுவதோடு நின்றுவிடுவதில்லை. தனக்குக் குருதி வேண்டுமென்று ஓர் இரசாயனச் செய்தியை அனுப்புகிறது. அச்செய்தியைக் கேட்டுப் புதிய நாளங்கள் முளைக்கின்றன. இவை நல்ல நாளங்களல்ல. மழைக்குப் பின் வரம்பிலே முளைக்கும் களையைப் போன்றவை. கண்ணை நிறைத்திருக்கும் பளிங்கு போன்ற கூழினுள்ளே இவை படர்கின்றன. இவற்றின் சுவர் மிக மெல்லியது. ஒரு தும்மலில், அல்லது உறக்கத்திலேயே கூட, ஒன்று வெடிக்கலாம். வெடித்தால் பளிங்குக் கூழிலே குருதி கலக்கும். நாளடைவில் இந்நாளங்களைச் சூழ்ந்து தழும்பு உண்டாகி, ஈரச் சுவரிலிருந்து சுண்ணாம்பு உரிவதுபோல விழித்திரையை இழுத்து உரித்துவிடவும் கூடும்.

இவையெல்லாம் நிகழ்ந்துகொண்டிருக்கையில், வெடிப்பதற்கு முதல் நாள் வரையில், அம்மனிதர் கந்தபுராணத்தைத் தடங்கலின்றி வாசித்துக்கொண்டிருக்கலாம். எழுத்துப் பலகையிலே கடைசி வரிவரை சரியாகச் சொல்லலாம். கண்ணாடிக் கடையிலே பார்வையை அளந்து "குறையில்லை" என்று அனுப்பலாம். பார்வையை அளப்பது வேறு. கண்ணின் உள்ளே பார்ப்பது வேறு. பின்னதற்குக் கண்மணியை மருந்தால் விரித்துக் கருவியால் நோக்கவேண்டும், அல்லது விழித்திரையைப் புகைப்படம் பிடித்துப் பார்க்கவேண்டும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அத்தகைய கருவியை 1851 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அதற்கு முன்னர் உயிரோடிருக்கும் மனிதனின் விழித்திரையைத் தெளிவாகப் பார்க்க வைத்தியருக்கு வழியில்லை. இன்று வழியிருந்தும் நாம் பார்ப்பதில்லை.

நிற்க. 2016 தை மாதத்து அந்தக் காலையிலே பெரியையா முகங்கழுவி வந்து, கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். அணிந்து பார்த்து மறுபடியும் துடைத்தார். "கண்ணுக்குள்ளை ஒரு நூலாம்படை தொங்குது" என்றார். மதியத்துள் நூலாம்படை புகையாயிற்று. மறுநாள் வலக்கண்ணால் பார்த்தால் சிவந்த திரையொன்று தொங்கியது.

அன்றே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அயலவர் ஒருவர் வந்து பார்த்து, "இது வெண்புரை; முற்றட்டும், பிறகு வெட்டலாம்" என்று தீர்ப்புக் கூறினார். வெண்புரை முற்றவேண்டும் என்ற பேச்சு, பழைய காலத்துச் சத்திரசிகிச்சை முறையோடு வந்து, அம்முறை போன பின்னும் எம்மவர் நாவைவிட்டுப் போகாதது. வெண்புரைக்கே அது இன்று பொருந்தாது. அன்றியும், வெண்புரை ஒரே இரவில் வருவதன்று. மாதக்கணக்காக மெல்ல மெல்ல மங்கச் செய்வது. சடுதியாக விழுந்த திரைக்கு அப்பெயரைச் சூட்டியது பெரும்பிழை. பதினைந்து நாள் அப்படியே போயிற்று. அதற்குப் பின்னரே, முன்பு ஒரு துண்டு தந்தார்களே என்று பெரியம்மாவுக்கு நினைவு வந்து, நாம் பஞ்சாங்கங்களை உதறினோம்.

கண் வைத்திய நிபுணர் இளவயதினர். துண்டின் திகதியை ஒருமுறை பார்த்தார், எம்மை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால் எமக்கு இலகுவாக இருந்திருக்கும். கண்மணி விரிந்த பின் நெடுநேரம் இரு கண்களையும் நோக்கினார். பின்பு நாற்காலியை அருகே இழுத்து அமர்ந்து, "ஐயா, வலக்கண்ணுக்கு நாங்கள் பிந்திவிட்டோம். இடக்கண்ணுக்கு இன்னும் பிந்தவில்லை" என்றார். வலக்கண்ணின் உள்ளே முழுவதும் குருதி. இடக்கண்ணிலும் புதிய நாளங்கள் முளைத்திருந்தன. அந்த இடக்கண்ணாலேதான் பெரியையா அன்று காலை பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசித்து ஏறியிருந்தார்.

இடக்கண்ணுக்கு லேசர் சிகிச்சை அந்த வாரமே தொடங்கிற்று. லேசர் என்றதும் பெரியம்மா அழத் தொடங்கிவிட்டார். கண்ணைச் சுட்டுக் கருக்கிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சுடுவது உண்மைதான். ஆனால் எதைச் சுடுகிறார்கள் என்பதே கேள்வி. குருதி பெறாமல் வாடிக்கிடக்கும் ஓரப் பகுதிகளிலே, ஊசிமுனையளவு புள்ளிகளாக நூற்றுக்கணக்கில் சுடுவர். வாடிய பாத்தி இனி நீர் கேட்டுக் கூவாது. அக்கூவல் அடங்கினால் களைபோன்ற நாளங்களும் சுருங்கும். கண்ணை மரக்கச் செய்யும் மருந்தை விட்டு, மேலே ஒரு வில்லையை வைத்து, மின்னல் மின்னலாக ஒளியைச் செலுத்துவர். பெரியையா சில தடவை "ஊசி குத்தினாற்போல" என்றார். மூன்று அமர்வில் முடிந்தது. இச்சிகிச்சை போன பார்வையைத் திருப்பித் தருவதற்கன்று, இருப்பதைக் காப்பதற்கே. ஓரப் பார்வையும் இரவுப் பார்வையும் சிறிது குறையலாம். இதனை அவ்வைத்தியர் முன்கூட்டியே சொன்னார். சொன்னபடியால் பின்னர் மனக்கசப்பு ஏற்படவில்லை.

ஒளியினால் கண்ணுக்கு வைத்தியம் செய்யலாமென்ற எண்ணம் பிறந்த வரலாறு சுவையானது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நாம் எதற்கெல்லாமோ சொல்லுகிறோம். மையர்-சுவிக்கராத் என்ற ஜெர்மானியக் கண் வைத்தியர், 1945 ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணாற் பார்த்து விழித்திரை சுட்டுப்போன ஒருவரைக் கண்டார். அந்தத் தழும்பை நோக்கியபோது, தீமை செய்த அதே ஒளியை அளவோடு செலுத்தி நோயுற்ற விழித்திரைக்கு நன்மை செய்தாலென்ன என்று அவருக்குத் தோன்றிற்று. முதலிலே சூரிய ஒளியையே கண்ணாடிகளாற் கூட்டிப் பயன்படுத்தினார். ஜெர்மனியின் வானம் மேகம் மூடியது. சூரியன் அழைத்த நேரத்துக்கு வருவதில்லை. ஆகவே 1950களிலே செயற்கை ஒளி விளக்குக்கு மாறினார். 1960 இல் லேசர் ஒளி பிறந்தது. சில ஆண்டுகளுள் அது கண் வைத்தியத்துக்கும் வந்தது. 1976 இல் அமெரிக்காவிலே வெளியான ஒரு பேராய்வு, புதிய நாளங்கள் படர்ந்த கண்களிலே இச்சிகிச்சை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேலாகக் குறைக்கிறது என நிறுவியது. மஞ்சட் பொட்டிலே நீர் தேங்கும் வகைக்கு இப்போது கண்ணின் உள்ளேயே ஊசி மருந்து ஏற்றுகிறார்கள். மேலே நாம் சொன்ன இரசாயனச் செய்தியை அம்மருந்து தடுக்கிறது. ஓர் ஊசியோடு அது முடிவதில்லை. தொடக்கத்தில் மாதந்தோறும் போடவேண்டியிருக்கும். கண்ணிலே ஊசி என்றதும் எமக்கும் மயிர்க்கூச்செறிந்தது. மரக்கச் செய்த பின் அது கணநேர வேலை என்று, போட்டுக்கொண்டவர்கள் கூறினார்கள்.

வலக்கண்ணின் கதை குறுகியது. குருதி கலந்த கூழை அகற்றும் சத்திரசிகிச்சைக்காகப் பெரியையா கொழும்புக்கு அனுப்பப்பட்டார். குருதியை அகற்றிப் பார்த்தபோது தழும்பு விழித்திரையின் நடுப்பகுதியை முன்னரே இழுத்து உரித்திருந்தது. செய்யக்கூடியதைச் செய்தார்கள். இன்று அக்கண்ணால், முகத்துக்கு நேரே கையை அசைத்தால் அசைவது தெரியும். விரலை எண்ண இயலாது.

கொழும்பிலே பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மகன், "காசு போனாலும் பரவாயில்லை, கண்ணை மாற்ற ஏலாதா?" என்று தாதியிடம் கேட்டதை நாம் கேட்டோம். அவர் கேட்டதிலே பிழையில்லை. டாக்டர் ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண்தானச் சங்கத்தின் மூலம் இந்நாடு உலகின் பல தேசங்களுக்குக் கண்களை அனுப்பிப் புகழ் பெற்றது. இலங்கையராகிய நமக்குக் கண் மாற்றுதல் என்பது கேட்டுப் பழகிய செய்தி. ஆனால் மாற்றப்படுவது கண்ணின் முன்புறத்தே கண்ணாடிபோல் அமைந்த படலம் மட்டுமே. விழித்திரை மூளையோடு இணைந்த நரம்புத் திசு. அதனை எடுத்து மாற்றிவைக்கும் வித்தையை உலகில் இன்னும் எவரும் கைவரப் பெறவில்லை.

இன்னொரு பேச்சும் எம்மூரில் உலாவுகிறது. "இன்சுலின் ஊசி போடத் தொடங்கின பிறகுதான் அவருக்குக் கண் போனது" என்று சொல்லி ஊசியை மறுப்போர் உளர். இதிலே பொய்யோடு ஒரு துளி உண்மையும் கலந்திருக்கிறது. நெடுங்காலம் மிகுந்திருந்த சர்க்கரை சடுதியாகக் குறைக்கப்படும்போது, முன்னரே பழுதடைந்த விழித்திரை சிறிது காலம் மோசமடைவதுண்டு. ஆகவே அத்தகையோருக்குச் சிகிச்சையைக் கடுமையாக்கும் முன்னரே கண்ணைப் பார்த்துக்கொள்வது நன்று. இதனைக் காரணங்காட்டி ஊசியை விட்டால் முடிவு மிகக் கேடானது. சர்க்கரையைக் கடுமையாக அடக்கி வைத்தோருக்கு, ஆண்டுகள் செல்லச் செல்ல, புதிதாகக் கண்நோய் தோன்றும் அபாயம் 76 வீதம் குறைந்ததென்று, இளவயதில் வரும் நீரிழிவைப் பற்றி 1993 இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டிற்று. இரத்த அழுத்தத்தை அடக்குவதும் விழித்திரையைக் காக்கிறதென்பதை, முதியோர் நீரிழிவு பற்றிய பிரித்தானிய ஆய்வு 1998 இல் காட்டிற்று. பெரியையா தேநீரிலே சீனியை விட்டதோடு தம் கடமை முடிந்தது என்றிருந்தவர். அவருடைய இரத்த அழுத்தத்தைப் பற்றி எவரும் அக்கறை கொண்டதில்லை.

இங்கிலாந்திலே நீரிழிவு உள்ளவர்களின் விழித்திரையைப் புகைப்படம் பிடிக்கும் தேசியத் திட்டம் ஒன்று 2003 முதல் நடைமுறைக்கு வந்தது. அங்கே துண்டு நோயாளியின் சட்டைப்பையை நம்பியிருப்பதில்லை. பெயர்ப் பதிவேடு ஒன்று உண்டு. அதிலிருந்து வீட்டுக்கு அழைப்புக் கடிதம் போகும். வராதவருக்கு மீண்டும் போகும். படத்திலே கேடு கண்டால் கண் வைத்தியசாலைக்கு அனுப்புவதும் அவர்கள் பொறுப்பு. அந்நாட்டிலும் வேல்ஸிலும், உழைக்கும் வயதினர் குருடாவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டாக முதற் காரணமாயிருந்த இந்நோய், அம்முதலிடத்தை இழந்துவிட்டதென்று 2014 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதாவது, எம் துண்டு பஞ்சாங்கத்துட் புகுந்த அதே ஆண்டிலே. பதிவேடு வைப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுமா என்று நாம் அடிக்கடி எண்ணுவதுண்டு. குழந்தைக்குத் தடுப்பூசி பிந்தினால் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டு வாசலுக்கு வந்து கேட்கும் நாடு இது. முதியவரின் கண்ணுக்கும் அவ்வாறு ஒருவர் வந்து கேட்டால் எவ்வளவு நன்று!

பெரியையாவின் துண்டைப் பற்றிப் பின்னொரு நாள் அக்கண் வைத்தியரிடமே பேசினோம். தம்மிடம் வரும் துண்டிலே இருக்கவேண்டியவை எவை என்று கேட்டோம். நோய் எத்தனை ஆண்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எவ்வளவு, இரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் நிலை, என்னென்ன மருந்து, ஒவ்வொரு கண்ணிலும் பார்வை எவ்வளவு, விழித்திரையை முன்னரே எவரும் பார்த்ததுண்டா, எவ்வளவு விரைவாகப் பார்க்கவேண்டும் என்றெல்லாம் அடுக்கினார். சிறுநீரகம் ஏன் என்றோம். கண்ணிலே சிறுநாளம் பழுதானவருக்குச் சிறுநீரகத்திலும் அவ்வாறே நிகழ்வதுண்டு என்றும், ஆதலால் தாமும் மறுமொழித் துண்டு ஒன்றை முதல் வைத்தியருக்கு எழுதவேண்டியவர் என்றும் சொல்லிச் சிறிது நாணினார். எல்லாத் துண்டுக்கும் மறுமொழி எழுத அவருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

எப்போது முதலிற் காட்டவேண்டும் என்பதற்கு அவர் சொன்ன விடை எம்மைத் திடுக்கிடச் செய்தது. நடுவயதில் வரும் வகையாயின், நோய் இருக்கிறதென்று சொல்லப்பட்ட அன்றே காட்டவேண்டுமாம். எவருமறியாமல் அது சில ஆண்டுகள் உடலில் இருந்திருக்கும் என்பதே காரணம். இளவயதில் வந்து தொடக்கத்திலேயே இன்சுலின் வேண்டிநிற்கும் வகையாயின் ஐந்து ஆண்டுகளுக்குள் காட்டலாம். பின்னர் ஆண்டுதோறும். நீரிழிவுள்ள பெண் கருவுற்றால் தொடக்க மாதங்களிலேயே. நூலாம்படை, கரும்புள்ளிக் கூட்டம், மின்னல், திரை ஆகியன சடுதியாகத் தோன்றினால் துண்டுக்காகக் காத்திராமல் அன்றே வரவேண்டும். அவ்வாறு வந்தவரை எந்த அரசாங்க வைத்தியசாலையும் துண்டு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பாது என்றார். எம் பெரியையாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். அவர் முதலிற் காட்டியிருக்கவேண்டிய ஆண்டு 2003.

பெரியையாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. புராண படனம் மாலையில் இல்லை. அவருக்காகக் காலைக்கு மாற்றியிருக்கிறார்கள். இரவு விளக்கிலே எழுத்துப் பிடிபடாது. பேரன் அந்தப் பழைய பதிப்பின் பக்கங்களைப் பெரிய எழுத்தில் படியெடுத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறான். புத்தகத்தைச் சிறிது இடப்புறம் தள்ளிவைத்து, தலையைச் சாய்த்து வாசிக்கிறார். ஒரு செய்யுளின் நடுவே தடங்கினால், மனப்பாடமாய்த் தெரிந்திருந்தும், எழுத்துப் பிடிபடும்வரை நிறுத்திக் காத்திருப்பார். பயன் சொல்பவரும் காத்திருப்பார். சபையும் காத்திருக்கும்.

எமக்கும் 2019 முதல் நீரிழிவு உண்டு. இருவரின் கிளினிக் கொப்பிகளும் சுவாமி அறைக் கதவுக்குப் பக்கத்திலே ஒரே ஆணியில் ஒரே பையிலே தொங்குகின்றன. துண்டு எதுவாயினும் பெரியம்மா அதனைத் தாமே வாங்கி அப்பையிலே போட்டுவிடுவார். பஞ்சாங்கத்தின் பக்கம் போக விடமாட்டார். வருகின்ற செவ்வாய்க்கிழமை இருவருக்கும் தவணை. முதல் பஸ் ஐந்தேகாலுக்கு.